ஒருபாலீர்ப்பும் தமிழ்த் திருச்சபைகளும்: கிருஷ்ணகிரி - ஓசூர் எல்லைப் பகுதியை முன்வைத்து ஒரு மதிப்பாய்வு

ஒருபாலீர்ப்பு குறித்த கிறித்தவ விவாதம் இரு வினாக்களைக் கொண்டது. ஒரே பாலினத்தவரிடையேயான பாலுறவைப் பற்றித் திருமறையும் திருச்சபை மரபும் என்ன சொல்கின்றன என்பது முதல் வினா. அத்தகைய ஈர்ப்புக் கொண்ட ஒருவரைத் திருச்சபை எவ்வாறு நடத்த வேண்டும் என்பது இரண்டாம் வினா. தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் முதல் வினாவுக்கு உடனடியாக விடை கிடைக்கிறது. இரண்டாம் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதே இல்லை. திருச்சபைகள் தம் சொந்த நூல்களில் ஏற்கனவே எழுதி வைத்துள்ள விடையைக்கூட நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை என்பதே அவற்றின் மீது வைக்கத்தக்க முதன்மையான விமர்சனம். இக்கட்டுரை அந்த விமர்சனத்தைக் கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் பகுதியின் கிறித்தவ வரலாற்றை ஒட்டி ஆராய்கிறது.

பகுதியும் திருச்சபைகளும்

சூளகிரி, கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 44 இல் அமைந்துள்ள ஊர். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 இல் தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் இங்கு வழங்குகின்றன. ஓசூரின் சிப்காட் தொழிற்பேட்டைகளும் அவற்றைத் தொடர்ந்து சூளகிரி வரை பரவிய ஆலைகளும் பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் இளம் தொழிலாளர்களை ஈர்த்துள்ளன. விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கி வேலை செய்யும் இவர்கள் பிறந்த ஊரின் கண்காணிப்பிலிருந்து சற்று விலகியிருக்கின்றனர். எனினும் ஊரில் நடக்கும் வரன் பேச்சு அலைபேசி வழியாக அவர்களைப் பின்தொடர்கிறது. ஞாயிறு வழிபாட்டுக்குச் செல்வோருக்குத் திருச்சபையே இரண்டாவது குடும்பமாகவும் அமைகிறது.

கத்தோலிக்கத் திருச்சபையில் இப்பகுதி தருமபுரி மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மறைமாவட்டம் 1997 இல் சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. கிருஷ்ணகிரி அருகே எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள் உள்ளன. இந்திய சுவிசேஷ லூத்தரன் திருச்சபை, தென்னிந்தியத் திருச்சபை, பெந்தெகொஸ்தே சபைகள் ஆகியனவும் இம்மாவட்டத்தில் இயங்குகின்றன. சூளகிரியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய பெங்களூரில், 1910 இல் தொடங்கப்பட்ட ஐக்கிய இறையியல் கல்லூரி உள்ளது. இந்தியாவில் இப்பொருள் குறித்த இறையியல் உரையாடல் நடந்த இடங்களுள் பெங்களூரும் ஒன்று.

கிருஷ்ணகிரி மிஷனின் தொடக்கம்

திருமறையை எப்படி வாசிப்பது என்ற கேள்வி இப்பகுதிக்குப் புதியதன்று. இங்குள்ள லூத்தரன் திருச்சபை உருவானதே அந்தக் கேள்வியால்தான். தமிழகத்தில் பணியாற்றிய செருமானிய லைப்சிக் மிஷனில், 1890களின் தொடக்கத்தில் திருமறையின் இறைஏவுதல் பற்றி ஒரு பிணக்கு எழுந்தது. திருமறையின் ஒவ்வொரு சொல்லும் இறைஏவுதல் பெற்றது என்ற கோட்பாட்டில் உறுதியாக நின்ற தியோடர் நேதர், பிரான்ஸ் மோன் ஆகியோர் அம்மிஷனிலிருந்து விலகினர். அமெரிக்காவின் மிசூரி லூத்தரன் சினாடு அவர்களை ஏற்றுக்கொண்டது. 1895 இல் கிருஷ்ணகிரியில் அச்சினாடின் முதல் இந்தியப் பணித்தளம் தொடங்கியது. பின்னர் ஆம்பூர் முதலிய ஊர்களுக்கும் விரிந்த இப்பணியிலிருந்தே இந்திய சுவிசேஷ லூத்தரன் திருச்சபை வளர்ந்தது.

லைப்சிக் மிஷன் வழிவந்த தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை தரங்கம்பாடி மரபைத் தொடர்ந்தது. சுவீடன் திருச்சபையுடனும் அதற்கு நெடுங்கால உறவு உண்டு. மிசூரி சினாடு 1973 இல் நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டில் ஒருபாலுறவு தன்னளவிலேயே பாவம் என்று தீர்மானித்தது. சுவீடன் திருச்சபை 2009 இல் ஒருபாலினத் திருமணங்களை நடத்தத் தொடங்கியது. ஒரே பாமாலைகளைப் பாடும் இரு தமிழ் லூத்தரன் திருச்சபைகளின் வெளிநாட்டு உறவுகள் இன்று இப்பொருளில் எதிரெதிர்க் கரைகளில் நிற்கின்றன.

ஒருபாலீர்ப்பை ஏற்பது மேற்கத்திய இறக்குமதி என்று பிரசங்கங்களில் அடிக்கடி கூறப்படுவதை இவ்வரலாற்றுடன் சேர்த்தே எடைபோட வேண்டும். இந்தியாவில் இவ்வுறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377 ஆம் பிரிவு 1860 இல் ஆங்கிலேயர் இயற்றியது. அதைக் கண்டிக்கும் சபைத் தீர்மானமும் ஏற்கும் சபைத் தீர்மானமும் மேற்கிலிருந்தே வந்தன. ஒரு கருத்து எந்தக் கப்பலில் வந்தது என்பதைக் கொண்டு அது சரியா தவறா என்று முடிவு செய்வதானால், கிருஷ்ணகிரியின் லூத்தரன் திருச்சபைக்கே நிற்க இடம் இருக்காது.

விவாதத்துக்குரிய திருமறைப் பகுதிகள்

இவ்விவாதத்தில் வழக்கமாக எடுத்தாளப்படும் பகுதிகள் மிகச் சிலவே. ஆதியாகமம் 19 இல் வரும் சோதோம் நிகழ்வு, லேவியராகமம் 18:22, 20:13, ரோமர் 1:26-27, 1 கொரிந்தியர் 6:9, 1 தீமோத்தேயு 1:10 ஆகியன முதன்மையானவை. நான்கு நற்செய்தி நூல்களில் இயேசு இப்பொருளைப் பெயர் சொல்லிப் பேசுவதாக எதுவும் இல்லை.

சோதோமின் குற்றமாக எசேக்கியேல் 16:49 முதலில் குறிப்பிடுவது செருக்கையும், உண்டு கொழுத்த நிலையிலும் ஏழையைத் தாங்காமையையும் ஆகும். அடுத்த வசனம் அருவருப்பான செயலையும், யூதாவின் நிருபம் 7 ஆம் வசனம் பாலியல் முறைகேட்டையும் சேர்க்கின்றன. ஆகவே சோதோமில் பாலியல் குற்றமே இல்லை என்று கூறுவது மிகை. ஆனால் அந்நிகழ்வு விவரிப்பது அந்நியர்மீது ஊர்க் கும்பல் ஏவ முயன்ற வன்புணர்ச்சியை. நியாயாதிபதிகள் 19 இல் இதே போன்ற நிகழ்வில் கும்பலுக்குப் பலியாவது ஒரு பெண். அதைக் கொண்டு ஆண் பெண் உறவைக் கண்டிக்கும் பிரசங்கம் எதுவும் எழுந்ததில்லை.

ரோமர் முதல் அதிகாரமே மரபான நிலைப்பாட்டுக்கு வலுவான ஆதாரம். பெண்களையும் சேர்த்துப் பேசுவது இப்பகுதி மட்டுமே. பவுல் இங்கு புறச்சமயத்தாரின் சிலை வழிபாட்டிலிருந்து தொடங்கி, பொறாமை, புறங்கூறல், பெற்றோருக்குக் கீழ்ப்படியாமை வரை ஒரு நீண்ட பட்டியல் தருகிறார். இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே, இப்பட்டியலைக் கேட்டு மற்றவரைத் தீர்க்கும் மனிதரை நோக்கித் திரும்புகிறார். அதிகாரப் பிரிப்பு பிற்காலத்தில் வந்தது. முதல் அதிகாரத்தின் முடிவில் பிரசங்கத்தை நிறுத்திவிடுவோர் பவுலின் வாதத்தைப் பாதியில் வெட்டிவிடுகின்றனர்.

தமிழ் மொழிபெயர்ப்பில் சொற்கள்

தமிழ்க் கிறித்தவர்கள் வாசிப்பது கிரேக்க மூலத்தை அன்று, தமிழ் வேதாகமத்தை. தரங்கம்பாடியில் சீகன்பால்க் 1714-15 இல் அச்சிட்ட புதிய ஏற்பாட்டில் தொடங்கி, பப்ரிசியுஸ் மொழிபெயர்ப்பு, 1871 இல் வெளிவந்த ஹென்றி பவர் குழுவினரின் பதிப்பு என அது பல கைகளைக் கடந்து வந்துள்ளது. சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்று பரவலாக வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் இப்பொருளோடு தொடர்புடைய மூன்று சொற்கள் கவனிக்கத்தக்கவை.

முதலாவது, 1 கொரிந்தியர் 6:9 இல் உள்ள 'மலகோய்' என்ற கிரேக்கச் சொல். 'மென்மையானவர்' என்பது அதன் நேர்ப்பொருள். ஆங்கில மொழிபெயர்ப்புகள் சில இதை ஒருபாலுறவில் ஒரு தரப்பினராகக் கொள்கின்றன. லூத்தர் இதை மென்மையானோர் என்ற பொருளிலேயே செருமனில் தந்தார். தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்போ 'சுயபுணர்ச்சிக்காரர்' என்கிறது. இது மொழிபெயர்ப்பாளரின் தனிக் கற்பனை அன்று. மேற்கத்திய ஒழுக்க இறையியலில் இச்சொல்லுக்கு அப்பொருள் கொண்ட வாசிப்பு நெடுங்காலம் நிலவியது. அதே கிரேக்கச் சொல் மத்தேயு 11:8 இல் ஆடையைக் குறிக்கும்போது 'மெல்லிய' என்று தமிழில் சரியாகவே வருகிறது. ஆக, ஆங்கில வேதாகமத்தில் ஒருபாலீர்ப்பாளருக்கு எதிராக நிற்கும் ஒரு சொல், தமிழில் வேறொரு பழக்கத்துக்கு எதிராக நிற்கிறது. இத்தமிழ்ச் சொல்லின்படி தேவனுடைய ராஜ்யத்துக்குப் புறம்பாக நிறுத்தப்படுவோரின் எண்ணிக்கை எந்தச் சபையிலும் சிறிதாக இராது. அவ்வாறிருந்தும் யாரும் அதன் பேரில் சபையிலிருந்து விலக்கப்படுவதில்லை. பட்டியலின் அடுத்த சொல் மட்டும் தனித்தெடுக்கப்படுகிறது.

அந்த அடுத்த சொல் 'ஆர்செனோகொய்தாய்'. தமிழில் 'ஆண்புணர்ச்சிக்காரர்' என்று உறுப்புக்கு உறுப்பு நெருக்கமாகவே பெயர்க்கப்பட்டுள்ளது. பவுலுக்கு முன் எந்தக் கிரேக்க நூலிலும் இச்சொல் காணப்படவில்லை. லேவியராகமம் 20:13 இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் அடுத்தடுத்து வரும் இரு சொற்களிலிருந்து இது உருவாகியிருக்கலாம் என்பது மரபான அறிஞரின் வலுவான வாதம். சிறுவரையும் அடிமைகளையும் பயன்படுத்திய வழக்கத்தையே இது சுட்டுகிறது என்பது எதிர்த்தரப்பின் வாதம். லூத்தர் இவ்விடத்தில் சிறுவரைக் கெடுப்போர் எனப் பொருள்படும் சொல்லையே இட்டார். 'ஒருபாலீர்ப்பாளர்' எனப் பொருள்படும் இக்காலச் சொல் ஆங்கில வேதாகமத்தில் முதன்முதலாக நுழைந்தது 1946 இல்தான்.

மூன்றாவது சொல் அப்போஸ்தலர் நடபடிகள் 8 இல் உள்ளது. பிலிப்பு திருமுழுக்குக் கொடுத்த எத்தியோப்பியர், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு 'எத்தியோப்பிய மந்திரி' என்றே அறிமுகம். கிரேக்க மூலம் அவரை உயர் அலுவலர் என்பதோடு, விரை நீக்கப்பட்டவர் என்று பொருள்படும் சொல்லாலும் திரும்பத் திரும்ப அழைக்கிறது. ஏசாயா 56 இலும் மத்தேயு 19:12 இலும் இத்தகையோரைத் தமிழ் வேதாகமம் 'அண்ணகர்' என்கிறது. நடபடிகளில் மட்டும் அச்சொல் மறைந்து மந்திரி எஞ்சுகிறார். அரண்மனை அலுவலரையும் அச்சொல்லால் குறிக்கும் வழக்கு இருந்ததால் இம்மொழிபெயர்ப்புக்கு நியாயம் உண்டு. ஆனால் விளைவு பெரிது. உபாகமம் 23:1 சபையிலிருந்து விலக்கிய ஒருவருக்கு, ஏசாயா 56 ஆலயத்தில் மக்களைவிட மேலான பெயரை வாக்களித்தது. நடபடிகள் 8 இல் அது நிறைவேறுகிறது. தமிழ் வாசகருக்கு இத்தொடர்ச்சி தெரிவதே இல்லை. அண்ணகரும் ஒருபாலீர்ப்பாளரும் ஒன்றல்லர். ஆயினும், உடலாலும் குடும்பமின்மையாலும் விலக்கப்பட்டவரைத் திருச்சபை நிபந்தனையின்றிச் சேர்த்துக்கொண்ட முதல் நிகழ்வு தமிழில் ஓர் அமைச்சரின் மனமாற்றமாகச் சுருங்கிவிட்டது.

இவற்றோடு, ரோமர் முதல் அதிகாரத்தில் 'சுபாவத்துக்கு விரோதமான' என வரும் அதே தொடரை, ரோமர் 11:24 இல் யூதரல்லாதோரை நல்ல ஒலிவமரத்தில் ஒட்டவைத்த இறைச்செயலுக்கும் பவுல் பயன்படுத்துகிறார். தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டு இடங்களிலும் ஒரே சொல்லாட்சியைக் காத்துள்ளது. 'சுபாவம்' என்பதை மாற்றவியலாத ஒழுக்க விதியாக மட்டும் கொள்வோருக்கு இது ஓர் இடறல்.

மரபான நிலைப்பாட்டின் வலிமை

மேற்கண்டவை மரபான நிலைப்பாட்டை வீழ்த்திவிடவில்லை. அந்நிலைப்பாடு சில வசனங்களில் மட்டும் தங்கியிருப்பதன்று. ஆணும் பெண்ணுமாகப் படைத்தல், இருவரும் ஒரே மாம்சமாதல் என்ற ஆதியாகமத்தின் முதல் இரு அதிகாரங்களை இயேசுவே மாற்கு 10 இல் திருமணத்துக்கு அடிப்படையாக எடுத்துக்காட்டுகிறார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கிழக்கு, மேற்குத் திருச்சபைகள் இதில் ஒத்த கருத்தோடு இருந்துள்ளன. ஜான் பாஸ்வெல் 1980 இல் எழுதிய வரலாற்று ஆய்வு அவ்வொற்றுமையைக் கேள்விக்குட்படுத்தியது. ராபர்ட் காக்னன் 2001 இல் வெளியிட்ட நூல் மரபான வாசிப்பை விரிவாக நிலைநாட்ட முயன்றது. தம்மை ஒருபாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே, மரபான போதனையை ஏற்று மணமாகாது வாழும் வெஸ்லி ஹில் போன்ற இறையியலாளரும் உள்ளனர்.

எனவே இவ்விவாதத்தில் மரபின் பக்கம் நிற்போரை வெறுப்பாளர் என்று ஒதுக்குவது சரியன்று. அவர்கள் மீதான விமர்சனம் வேறு இடத்தில் தொடங்குகிறது. மரபான போதனை ஒருவரிடம் வாழ்நாள் முழுவதும் ஒரு பெரிய துறவைக் கேட்கிறது. அத்துறவைத் தாங்குவதற்குத் திருச்சபை அவருக்கு என்ன தருகிறது என்பதே இங்கு எழும் கேள்வி.

சட்டப் போராட்டத்தில் திருச்சபைகள்

2009 ஜூலை 2 அன்று தில்லி உயர் நீதிமன்றம், வயது வந்தோர் இசைவுடன் கொள்ளும் உறவுக்கு 377 ஆம் பிரிவு பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பர் 11 அன்று அத்தீர்ப்பை மாற்றியது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு மீண்டும் குற்றநீக்கம் செய்தது. 2023 அக்டோபர் 17 அன்று ஒருபாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வழங்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377 க்கு இணையான பிரிவு இல்லை.

இவ்வழக்குகளில் கிறித்தவத் தரப்பு ஒரே குரலில் பேசவில்லை. அப்போஸ்தலிக்கத் திருச்சபைகளின் கூட்டமைப்பு முதலிய சில கிறித்தவ அமைப்புகள் 377 நீடிக்க வேண்டும் என்று வாதிட்டன. 2013 தீர்ப்பின்போது மும்பைப் பேராயர் கர்தினால் ஆசுவால்ட் கிராசியாசு, ஒருபாலினத் திருமணத்தைத் திருச்சபை எதிர்க்கிறது, ஆனால் ஒருபாலீர்ப்பாளரைக் குற்றவாளிகளாக ஒருபோதும் கருதியதில்லை என்ற கருத்தைத் தெரிவித்தார். இந்தியத் தேசியத் திருச்சபைகள் மன்றம் உறுப்புத் திருச்சபைகளை இப்பொருளில் உரையாடலுக்கு அழைத்தது. ஜார்ஜ் சக்கரியா, வின்சென்ட் ராஜ்குமார் ஆகியோர் தொகுத்து 2015 இல் வெளிவந்த நூல், திருச்சபையில் ஒருபாலீர்ப்பாளர் மீதான வெறுப்பை நேரடியாக ஆராய்ந்தது.

இம்முயற்சிகளின் குறை அவற்றின் மொழி. இவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. இறையியல் கல்லூரியின் கருத்தரங்கில் பேசப்பட்டவை மாநில எல்லையைக் கடந்து தமிழ், தெலுங்குப் பிரசங்க மேடைகளை எட்டவில்லை. போதகர் பயிற்சியில் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதித் தேர்ச்சி பெறுபவர், சபைக்கு வந்தபின் பழைய ஓரிரு வசனங்களோடு நின்றுவிடுகிறார்.

தம் சொந்தப் போதனையின் மறுபாதி

1992 இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2357 முதல் 2359 வரையிலான எண்களில் இப்பொருளைப் பேசுகிறது. ஒருபாலுறவுச் செயல்கள் இயல்பிலேயே ஒழுங்கு மீறியவை என்றும், இத்தகையோர் கற்புநெறிக்கு அழைக்கப்படுகின்றனர் என்றும் கூறுகிறது. இடையிலுள்ள 2358 ஆம் எண்ணோ, அவர்கள் மதிப்போடும் பரிவோடும் நுண்ணுணர்வோடும் ஏற்கப்பட வேண்டும், அநீதியான பாகுபாட்டின் எந்த அடையாளமும் தவிர்க்கப்பட வேண்டும் என்கிறது. திருத்தந்தை பிரான்சிசு 2023 ஜனவரியில், ஒருபாலீர்ப்பாளராக இருப்பது குற்றமன்று என்று வெளிப்படையாகக் கூறினார். அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று வெளியான வத்திக்கான் அறிக்கை, திருமணச் சடங்கோடு குழப்பிக்கொள்ளாத வகையில், ஒருபாலின இணையருக்கு எளிய ஆசி வழங்க இடம் தந்தது. திருமணம் பற்றிய போதனை மாறவில்லை என்றும் அது தெளிவுபடுத்தியது.

மூன்று எண்களில் முதலும் கடையும் மறையுரைகளில் ஒலிப்பதுபோல் நடுவெண் ஒலிப்பதில்லை. 'அநீதியான பாகுபாடு' என்பது ஒரு பங்கில் எதைக் குறிக்கும்? பாடற்குழுவிலிருந்து ஒருவரை நீக்குவதா, மகனை வீட்டைவிட்டுத் துரத்திய தந்தை அன்பியக் கூட்டத்தில் பாராட்டப்படுவதா, இளைஞர் கூட்டத்தில் கேலிச் சொல் வழங்குவதா? இவற்றைப் பெயர் சொல்லித் தடுக்காத வரை அந்த எண் அச்சில் மட்டுமே இருக்கும்.

லூத்தரன் திருச்சபைக்கு வேறொரு முரண் உள்ளது. 1530 இன் ஆக்சுபர்க் அறிக்கை, 23 ஆம் பிரிவில், மணவாத வாழ்வு எல்லோருக்கும் தரப்பட்ட வரமன்று என்ற காரணத்தால் குருக்களின் கட்டாய மணவிலக்கை எதிர்த்தது. வரம் பெறாதவர் மேல் அதைச் சுமத்துவது மனச்சான்றைக் கெடுக்கும் என்பது சீர்திருத்தரின் வாதம். அதே மரபில் வந்த திருச்சபை, ஒருபாலீர்ப்புக் கொண்ட ஒவ்வொருவர் மேலும் எவ்வித ஆய்வுமின்றி மணவாமையைச் சுமத்துகிறது. இதற்கு மரபான தரப்பில் விடை இருக்கலாம். படைப்பின் ஒழுங்குக்கு உட்பட்ட திருமணத்தையே அறிக்கை பேசியது என்பார்கள். ஆனால் சுமையின் பாரத்தை அறிந்த திருச்சபை, அதைச் சுமப்பவரின் அருகில் நிற்கக் கடமைப்பட்டது. தமிழ்ச் சபைகளில் முப்பது வயதைத் தாண்டி மணமாகாதவருக்கு ஓர் இடமே இல்லை. வாலிபர் ஐக்கியத்துக்கும் குடும்ப ஐக்கியத்துக்கும் நடுவில் அவர் காணாமல் போகிறார்.

திருமணம் என்னும் 'மருந்து'

தமிழ்நாட்டில் இப்பொருள் உண்மையாகவே உயிர்களைத் தொடும் இடம் திருமணம்தான். பிள்ளையின் ஈர்ப்பு தெரியவந்ததும், 'ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்பதே குடும்பங்களில் கேட்கும் முதல் யோசனை. ஓசூர் ஆலையில் வேலையும் நிலையான சம்பளமும் உள்ள இளைஞருக்கு வரன் கிடைப்பது எளிது. பெண்ணாயின் அவளது சம்மதம் கேட்கப்படுவதே அரிது. இங்கு குருவானவரின் பங்கு பெரிது. ஓலை வாசிப்பவரும் இசைவைக் கேட்பவரும் அவரே.

திருச்சபைச் சட்டம் இந்த யோசனைக்கு நேர் எதிரானது. 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, இசைவே திருமணத்தை உருவாக்குகிறது. வலுக்கட்டாயத்தாலும் அச்சத்தாலும் பெறப்பட்ட இசைவு செல்லாது என்கிறது 1103 ஆம் எண். இசைவைப் பெறும்பொருட்டுச் செய்யப்பட்ட வஞ்சனையை 1098 ஆம் எண்ணும், திருமணத்தின் அடிப்படைக் கடமைகளை ஏற்க உளவியல் காரணத்தால் இயலாமையை 1095 ஆம் எண்ணும் பேசுகின்றன. திருச்சபையின் மணமுறிவு வழக்குகளில் ஒருபாலீர்ப்பு இவ்வெண்களின் கீழ் விசாரிக்கப்பட்டு வந்துள்ளது. உண்மையை அறிந்தும் அதை மறைத்து நடத்திவைக்கும் திருமணம், திருச்சபையின் அளவுகோலாலேயே அருளடையாளமாக நிற்காது.

இதில் மறக்கப்படுபவர் மறுதரப்பில் மணமேடை ஏறுபவர். தான் எதற்கு மருந்தாக்கப்படுகிறோம் என்று அறியாமலே அவர் தன் வாழ்வைத் தருகிறார். பிள்ளை பிறக்கவில்லை என்றால் பழியும் பெரும்பாலும் பெண் மீதே விழுகிறது. ஒருபாலுறவைப் பாவம் என்று கருதுவோரும், ஒன்றுமறியாத ஒரு பெண்ணை இப்படிப் பயன்படுத்துவதைப் பாவமில்லை என்று சொல்ல இயலாது. இருந்தும் முதலாவதைப் பற்றிக் கேட்கும் பிரசங்கம் இரண்டாவதைப் பற்றிக் கேட்பதில்லை.

குணப்படுத்தும் முயற்சிகள்

இரண்டாவது யோசனை ஜெபத்தாலோ சிகிச்சையாலோ ஈர்ப்பை மாற்றுவது. ஒருபாலீர்ப்பைப் பிசாசின் பிடியாகக் கருதி, விடுதலை ஜெபத்துக்கும் உபவாசத்துக்கும் உட்படுத்தும் போக்கு சில சபைகளில் உள்ளது. இதன் பலனைக் குறித்து மிகத் தெளிவான சான்று கிறித்தவ உலகின் உள்ளிருந்தே வந்தது. ஈர்ப்பை மாற்றும் ஊழியத்துக்கென 1976 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட எக்சோடசு இன்டர்நேசனல், 2013 ஜூனில் தன்னைக் கலைத்துக்கொண்டது. அதன் தலைவர் ஆலன் சேம்பர்சு, தங்களால் காயமுற்றோரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அவர் திருமறையை விட்டு விலகியவர் அல்லர்.

தமிழ்நாட்டில் இதற்குச் சட்ட எல்லை வகுத்தது சென்னை உயர் நீதிமன்றம். மதுரையிலிருந்து சென்னைக்குப் பாதுகாப்புத் தேடி வந்த இரு இளம் பெண்களின் வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேசு 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த ஆணை, பாலீர்ப்பை மருத்துவ முறையில் மாற்ற முயல்வதைத் தடை செய்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022 இல் அத்தகைய சிகிச்சையைத் தொழில்நெறி மீறல் என அறிவித்தது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினரைக் கண்ணியமாகக் குறிக்கும் தமிழ்ச் சொற்பட்டியலையும் வெளியிட்டது. 'ஓரினச்சேர்க்கை' என்ற பழைய சொல் ஒரு செயலை மட்டுமே குறிக்கிறது. 'ஒருபாலீர்ப்பு' ஒரு மனிதரின் இயல்பைக் குறிக்கிறது. செயலையும் இயல்பையும் வேறுபடுத்தும் மரபான கிறித்தவப் போதனைக்கே பின்னைய சொல்தான் பொருத்தமானது.

அவ்வழக்கில் தீர்ப்பைவிட முன்னுதாரணமானது நீதிபதி மேற்கொண்ட முறை. தமக்கு இப்பொருளில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகக் கூறி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்ற பின்னரே அவர் ஆணை எழுதினார். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கொண்டவர் முதலில் கேட்பவராக மாறினார். மனந்திரும்புதலைப் போதிக்கும் திருச்சபைகளில் இதற்கு நிகரான ஒரு நிகழ்வைத் தேட வேண்டியுள்ளது.

திருநங்கையருக்கு ஒரு நிலை, ஒருபாலீர்ப்பாளருக்கு வேறு நிலை

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் திருநர் உரிமையை ஏற்றது. ஒருபாலுறவை மீண்டும் குற்றமாக்கிய தீர்ப்பு வந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. நீதிமன்றத்தில் தெரிந்த இந்த வேறுபாடு திருச்சபைகளிலும் உண்டு. செங்கல்பட்டுப் பகுதியில் இந்திய சுவிசேஷத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு திருநங்கை போதகராகப் பணியாற்றியது ஊடகங்களில் பரவலாகப் பேசப்பட்டது. கேரளத்தின் மார்த்தோமா திருச்சபை திருநரிடையே பணிகளை மேற்கொண்டுள்ளது.

இவ்வரவேற்பு பாராட்டத்தக்கது. எனினும் அதற்குள் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. தெருவில் கைதட்டி நிற்பவராகத் திருநங்கை அறியப்படுவதால், அவர் உதவி பெறுபவராகத் திருச்சபையின் கண்ணுக்குத் தெரிகிறார். ஒருபாலீர்ப்பாளரோ ஏற்கனவே இருக்கையில் அமர்ந்திருப்பவர். ஞாயிறு பள்ளி ஆசிரியராகவும், ஆர்மோனியம் வாசிப்பவராகவும், சபைக் குழு உறுப்பினரின் மகளாகவும் இருப்பவர். வெளியிலிருந்து வருபவரை வரவேற்பதைவிட உள்ளிருப்பவரை உள்ளபடி அறிவது கடினம்.

மதிப்பீடு

கோட்பாட்டு விவாதம் விரைவில் முடியப்போவதில்லை. உலகத் திருச்சபைகள் இதில் பிளவுபட்டே உள்ளன. தமிழ்த் திருச்சபைகளும் மரபான போதனையை உடனடியாக மாற்றிக்கொள்ளும் அறிகுறி இல்லை. ஆனால் அவ்விவாதம் முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லாத கடமைகள் உள்ளன. நம்பிச் சொன்னதைக் குடும்பத்துக்கு வெளியிடாமல் காப்பது, உண்மையை மறைத்த திருமணத்துக்கு ஓலை வாசிக்க மறுப்பது, பிசாசோட்டும் சடங்குக்கு யாரையும் உட்படுத்தாதிருப்பது, அடித்தும் அடைத்தும் வைக்கும் பெற்றோரைக் கண்டிப்பது, மணமாகாதவருக்கும் சபை வாழ்வில் முழு இடம் தருவது, தமிழ் வேதாகமச் சொற்களின் வரலாற்றைச் சபையாருக்கு நேர்மையாகச் சொல்வது ஆகியன அவை. இவற்றுள் எதற்கும் ஒருபாலுறவு பாவமன்று என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. மிகக் கடுமையான மரபாளரும் நாளை காலையே தொடங்கலாம்.

2025 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், தன் வீட்டாரால் அடைத்து வைக்கப்பட்ட ஓர் இளம் பெண்ணைத் தோழியுடன் செல்ல அனுமதித்தது. இரத்த உறவில்லாதோரும் தேர்ந்தெடுத்துக் கொள்ளும் குடும்பமாகலாம் என்ற கருத்தை அது ஏற்றது. இரத்த உறவுக்கு அப்பால் ஒரு குடும்பம் உண்டு என்ற செய்தியை இந்த மண்ணில் நெடுங்காலம் சொல்லிவந்தது திருச்சபை. அதை நீதிமன்றம் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை அதற்கு நேர்ந்துள்ளது.

சொல்லுக்குச் சொல் திருமறையைக் காக்க வேண்டும் என்பதற்காகத் தம் மிஷனையே துறந்தவர்கள் கிருஷ்ணகிரி லூத்தரன் பணியின் முன்னோடிகள். அந்த உறுதி பரிவைப் பற்றிய சொற்களுக்கும் பொருந்தும். எத்தியோப்பியர் பிலிப்பிடம், திருமுழுக்குப் பெறத் தனக்குத் தடை என்ன என்று கேட்டார். ஓசூர் விடுதி ஒன்றில் தன் ஊர்ப் போதகரின் எண்ணைத் திரையில் பார்த்தபடி அழைப்பதா வேண்டாமா என்று தயங்கும் ஒருவருக்கும் உள்ள கேள்வி அதுவே. பிலிப்பு விவாதத்தை நீட்டவில்லை. இருவரும் தண்ணீரில் இறங்கினர்.